சேவல் குளிக்கும் தொட்டி

மில்டாவைப் போலப் புளுகுகிறவள் இந்த ரீகா நகரத்திலேயே கிடையாது. பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் டவ்காவா ஆற்றில் காலமெல்லாம் இழுவைப் படகு ஓட்டியவன். படகுக்காரன் வாயில் உண்மை எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் ஏவால்ட்ஸ் என்கிற நான் புளுகினால் கேட்கிறவன் சிரிக்கிறான். மில்டா புளுகினால் வாயைப் பிளந்துகொண்டு நம்புகிறான். அதுதான் எனக்கு எரிச்சல்.

அவள் எனக்கு மேல்வீடு. ஊர் நடுவில் மூன்று நட்சத்திரங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு செப்புப் பெண் நிற்கிறாளே, அவளையும் ஊரார் மில்டா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் பாட்டுக்கு மழையில் நனைந்துகொண்டு வாயைத் திறக்காமல் நிற்கிறாள். என் தலைக்கு மேல் வந்து வாய்த்தது இந்த மில்டா.

கல்யாணத்துக்கு முன்பு மீன் டப்பாத் தொழிற்சாலையில் டப்பாக்களுக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையை இழுத்து மூடியதும், நாலு பாஷை தெரியும் என்று சொல்லி ஒரு சிவப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு பழைய நகரத்தில் வழிகாட்டியாக நின்றுவிட்டாள். உண்மையில் தெரிந்தது இரண்டு. மற்ற இரண்டையும் சுற்றிப் பார்க்க வந்தவர்களிடமே பேசிப் பேசிப் பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி, அதை இல்லை என்று சொல்ல முடியாது.

புருஷன் ஹாம்பர்க் போன கப்பலில் ஏறி, அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஒருநாள் அவன் புயலில் போனான் என்பாள். இன்னொரு நாள் கடல்நாய்க் குட்டி ஒன்றைக் காப்பாற்றப் போய் மூழ்கினான் என்பாள். ஒருமுறை அவனே ஊருக்கு வந்து, கூட்டத்தின் நடுவில் அவள் எதிரே நின்றுவிட்டான். மில்டா கொஞ்சமும் அசரவில்லை. "மூழ்கிப் போனவரோட தம்பி" என்று அறிமுகம் செய்துவைத்தாள். கூட்டத்தில் இருந்த இரண்டு பெண்கள் அவன் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார்கள். அவனும் வாங்கிக்கொண்டு போனான்.

இவளுக்கு ஒரே மகள், டைகா. அம்மா அளக்கிற கதையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சலித்தவள் போல, பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் வாயில் பொய்யே வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் தான் செய்த குறும்பைத் தானே போய் வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வருவாள். வளர்ந்து, பழைய நகரத்துச் சந்து ஒன்றில் இருக்கும் சின்ன மியூசியத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பூட்டு, தராசு, வணிகர்களின் தொப்பி, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் உண்மையை எழுதி ஒட்டுவதுதான் அவளுக்கு வேலை. இந்த இரண்டு பேரையும் ஒரே ஊரில் விட்டால் என்ன ஆகும்?

அதுதான் ஆயிற்று. போன வருஷத்துக்கு முந்தின வருஷத்து இலையுதிர் காலம். ஒரு சந்தில் கருங்கல் பாவிய தரை பள்ளமாகக் கிடக்கும். மில்டா அங்கே கூட்டத்தை நிறுத்தி, தாமதமாக வீடு திரும்பிய வணிகனுக்காகக் காத்திருந்து அவன் பெண்டாட்டி கோபத்தில் காலை உதைத்து உதைத்து உண்டான பள்ளம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அந்தப் பக்கமாக வந்த டைகா நின்றாள். "அது தண்ணிக்குழாய் மாத்தினப்போ சரியா மூடாம விட்ட பள்ளம். நான் ஸ்கூல் போறப்போ அதுல விழுந்திருக்கேன்" என்றாள். கூட்டம் சிரித்தது. மில்டாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது. இந்தச் சந்துக்கு தினமும் ஒரு பைத்தியம் வரும். இன்னைக்கு இது வந்திருக்கு" என்றாள்.

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. எவனோ ஒருவன் டைகாவைப் படம் கூட எடுத்தான். டைகா பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அம்மா வீட்டுப் படி ஏறவில்லை. அடுத்த மே மாதம் மில்டாவின் பெயர் நாள் வந்தது. அதற்கும் வரவில்லை.

எங்களிடம் பெயர் நாளுக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் இல்லை. நாள்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் சில பெயர்கள் போட்டிருக்கும், உன் பெயர் வருகிற தேதி உன் பெயர் நாள். உன்னை நினைக்கிறவன் பூவோடு வருவான். வருகிறவன் யாராக இருந்தாலும் காப்பியும் ரொட்டியும் மேஜையில் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். கூப்பிட்டு வரவழைத்தால் அது பெயர் நாள் இல்லை, பிச்சை.

இந்த வருஷத்துப் பெயர் நாளன்று காலையில் மில்டா கையெல்லாம் மாவோடு என் வீட்டுக்குள் வந்தாள்.

"யோவ் ஏவால்ட்ஸ், டைகா வருவாளாய்யா?"

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்? ஒரு போனைப் போட்டுக் கூப்பிடு."

"பேர்நாளுக்குக் கூப்பிடறதா? உனக்குப் புத்தி பிசகிடுச்சா?"

நாற்காலியில் உட்கார்ந்தாள். மாவை விரலிலிருந்து உருட்டி உருட்டி என் தரையில் போட்டாள்.

"போன வருஷம் அவளுக்குன்னு எடுத்து வச்ச ரொட்டியைக் கடைசியில புறாவுக்குப் போட்டேன். இந்த வருஷமும் வரலைன்னா அவ்வளவுதான். அப்புறம் அவளுக்கே வராம இருக்கிறது பழகிடும். எனக்கு வேற யாரு இருக்கா, சொல்லு."

மில்டா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. காப்பி ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்ததும் அவள் கண்ணில் அந்தப் பழைய வெளிச்சம் வந்துவிட்டது.

"கூப்பிடக் கூடாதுங்கிறதுதான் வழக்கம்" என்றாள். "கோபப்படுத்தக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

அன்று குளிர்காற்று அடித்தது. அவள் விடாமல் இழுத்ததால் நானும் பழைய நகரத்துக்குப் போய்ச் சற்றுத் தள்ளி நின்றேன். அவளுடைய குடையின் கீழ் வந்தது ஒரே ஒரு ஆள். போர்ச்சுகல்காரர், பெயர் அடெலினோ. ஊரில் மருந்துக்கடை வைத்திருந்து மகனிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு துறைமுக நகரமாகப் பார்த்துக்கொண்டு வருகிறாராம். குட்டையான மனிதர், பெரிய மீசை, எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற சுபாவம். அவரைப் பார்த்ததுமே மில்டா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவரைத் தேவாலயக் கோபுரத்தின் அடியில் நிறுத்தி மேலே காட்டினாள்.

"உச்சியில காத்து திசை காட்டுற தங்கச் சேவல் தெரியுதா? வருஷத்துக்கு ஒரு தடவை, இன்னைக்குத்தான், அதைக் கீழ இறக்கிக் குளிப்பாட்டுவாங்க."

"குளிப்பாட்டுவாங்களா?"

"பீர்ல. வெறும் தண்ணின்னா அதுக்கு ஆகாது, காத்துக்குச் சரியாத் திரும்பாது. அது குளிக்கிற தொட்டி இங்கே ஒரு மியூசியத்துல இருக்கு. டைகான்னு ஒருத்தங்க பொறுப்புல. ஆனா எல்லாருக்கும் காட்ட மாட்டாங்க. முதல்ல அப்படி ஒண்ணு இல்லவே இல்லைம்பாங்க. நீங்க விடாதீங்க. கோபப்படுவாங்க. அப்பவும் விடாதீங்க. மில்டா அனுப்பினாங்கன்னு சொல்லுங்க."

அடெலினோ நெஞ்சில் கை வைத்து, விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். காதில் பூ சுற்றினால் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் நகர்ந்ததும் மில்டா என்னிடம் வந்தாள். "தொட்டியக் காட்டுன்னு இந்த ஆளு போய் நின்னா, அவளுக்கு இது யாரு வேலைன்னு அந்த நிமிஷமே தெரியும். சாயங்காலம் சண்டைக்கு வந்துடுவா. சண்டைக்கு வந்தாலும் வந்தது வந்ததுதானே? நான் ரொட்டி சுடப் போகணும். இந்த ஆள் வழி தவறாம மியூசியத்துக்குப் போய்ச் சேர்றாரான்னு நீ பின்னாலயே போய்ப் பாரு."

இந்த வயதில் எனக்கு இது தேவையா? ஆனாலும் போனேன்.

அந்த மனிதர் மியூசியத்தைத் தவிர எல்லா இடத்துக்கும் போனார். முதலில் கதவுக் கைப்பிடிகள். ஒவ்வொரு சந்திலும் ஒவ்வொரு கைப்பிடியாகக் குனிந்து படம் எடுத்தார். நான் அடுத்த வீட்டு வாசலில் நின்று ஷூ கயிற்றைக் கட்டுகிற பாவனையில் குனிந்தேன். எங்கள் தெரு ரொட்டிக்கடைக்காரி என்னைப் பார்த்து, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்தாள். பிறகு கடற்பறவை ஒன்று அவர் கையிலிருந்த பணியாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே ஓடினார். நானும் ஓடினேன். பறவை கிடைக்கவில்லை, வழியில் வாய்க்கால் படகுதான் கிடைத்தது. ஏறிவிட்டார். ஆயுசெல்லாம் பெரிய படகு ஓட்டியவன், அந்தப் பொம்மைப் படகில் கடைசி வரிசையில் கழுத்துப் பட்டையைத் தூக்கிவிட்டு ஒளிந்துகொண்டு உட்கார்ந்தேன். ஓட்டுகிற பயல் திருப்பத்தில் கரையை இடித்தான். வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

படகை விட்டு இறங்கி நேராகச் சந்தைக்கு நடந்தார். மீன் கூடத்தில் புகையில் வாட்டிய விலாங்கு மீனுக்கு முன்னால் நின்றவர் சட்டென்று திரும்பி, என்னை நோக்கி வந்தார்.

"காலையிலேர்ந்து என் பின்னாடியே வர்றீங்க. நீங்க திருடரா, போலீஸா?"

"படகுக்காரன்" என்றேன். துறைமுகத்தில் கற்ற ஆங்கிலத்தில் வேறு என்ன சொல்வது?

"அப்ப உங்களுக்குப் பசிக்கும்" என்றார் அவர்.

ஹெரிங் மீனும் தயிர்க்கட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் வந்தது. பீரும் வந்தது. இரண்டு வாய் உள்ளே போனதும் நான் காரியத்தை ஞாபகப்படுத்தினேன்.

"மியூசியத்துக்குப் போகலையா? சாயங்காலம் மூடிடுவாங்க."

"நாளைக்குப் போறேன்."

"ஏன், இன்னைக்கே போகலாமே."

"இன்னைக்குச் சேவல் குளிக்கிற சமயம். கூட்டம் நெருக்கும். எனக்குக் கூட்டம் ஆகாது."

அவ்வளவு தூரம் நம்பிவிட்டவனை என்ன செய்ய முடியும்? மில்டாவின் புளுகு அவளுக்கே வினையாக வந்து நின்றது. கூட்டமெல்லாம் இருக்காது என்றேன். இவ்வளவு அதிசயமான விஷயத்துக்குக் கூட்டம் வராத ஊர் எப்படி ஊராகும் என்று அவர் கேட்டார். எனக்கே என் ஊரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அதற்கப்புறம்தான் நான் கெட்டேன். இழுவைப் படகு எப்படிப் பெரிய கப்பலைத் திருப்புகிறது என்று அவர் கேட்டார். உண்மையாகவே கேட்டார், முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு. கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பனிக்கட்டி நெருக்கிய அந்தக் குளிர்காலத்தில் நான் ஒரு கப்பலைப் பின்னோக்கியே கடல்வாய் வரைக்கும் கொண்டுபோனதைச் சொன்னேன். அதில் பாதி நடந்தது. அவர் சிரிக்கவே இல்லை. "அப்புறம்?" என்றார். யாராவது உங்களிடம் அப்படி "அப்புறம்?" என்று கேட்டிருந்தால் என் நிலைமை புரியும். நான் ஆற்றைக் கடந்து, கடல்வாயைக் கடந்து, சுவீடன் வரைக்கும் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தபோது கடைகளில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மியூசியம் எப்போதோ மூடியிருக்கும்.

மில்டாவின் முகம் கண்முன் வந்தது. அந்த மனிதரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பெயர் நாள் வீட்டுக்கு யாரும் போகலாம், தவிர தனியாகப் போய் அவள் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

வழியில் பூக்காரியிடம் அடெலினோ ஆசையாக ஒரு டஜன் டியூலிப் வாங்கினார். இரட்டைப்படையில் பூவைக் கொடுப்பது சவத்துக்கு. வாசலில் வைத்து அதிலிருந்து ஒன்றை உருவி அவருடைய கோட்டுப் பொத்தானில் செருகினேன். நான் மரியாதை செய்கிறேன் என்று நினைத்து அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மேல்வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. மில்டாவோடு பாடுகிற பாட்டுக்குழுப் பெண்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குங்குமப்பூ நிறத்தில் பெரிய வளைய ரொட்டி. ஜன்னலோரம், கோட்டைக் கூடக் கழற்றாமல், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு டைகா உட்கார்ந்திருந்தாள்.

என் கண்ணை நான் நம்பவில்லை. மில்டா என் சட்டையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"பார்த்தியாய்யா, வந்துட்டா" என்று காதில் கிசுகிசுத்தாள். "சேவல் வேலை செஞ்சிடுச்சு. தொட்டியப் பத்தி இன்னும் வாயத் திறக்கல. எல்லாரும் போகட்டும்னு காத்திருக்கா. திட்டட்டும். விடிய விடியத் திட்டட்டும். எனக்கு அது போதும்."

"மில்டா, அது வந்து..."

"நீ இந்தத் தட்டை எடுத்துட்டுப் போ."

தட்டோடு நான் வெளியே வந்தபோது பாட்டுக்குழுப் பெண் ஒருத்தி தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் அடெலினோவுக்கு எல்லாரையும் அறிமுகம் செய்துகொண்டிருந்தாள். டைகாவின் பெயரும் மியூசியம் என்ற சொல்லும் காதில் விழுந்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"நாளைக்கு உங்களைப் பார்க்கத்தான் வர்றதா இருந்தேன்" என்றார். "சேவல் குளிக்கிற தொட்டியை நீங்க எனக்குக் காட்டணும். அப்படி ஒண்ணு இல்லைன்னு சொல்லுவீங்களாம். நான் விடமாட்டேன். மில்டா அனுப்பினாங்க."

டைகா அவரைப் பார்த்தாள். "என்ன தொட்டி?" என்றாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிச் சமையலறை வாசலைப் பார்த்தாள். அங்கே மில்டா காப்பிக் கெண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இவரு இன்னைக்கு மியூசியத்துக்கு வரலையா?" என்று மில்டா எங்கள் பாஷையில் கேட்டாள்.

"வந்தாரோ என்னவோ. இன்னைக்கு நான் போகல. லீவு போட்டிருந்தேன்."

"எதுக்கு லீவு?"

"எதுக்குன்னா? உன் பேர்நாளுக்கு."

மில்டாவுக்கு வாயடைத்துப் போனதை என் ஆயுளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். கெண்டியை நானே அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

"போன வருஷமும் வந்தேன்" என்றாள் டைகா. "ஏவால்ட்ஸ் மாமா வாசல் வரைக்கும் ஏறி வந்தேன். மேல நீ அந்தச் சந்துக் கதையச் சொல்லிட்டிருந்தே. பைத்தியம்ங்கிற இடம் வந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்படியே இறங்கிப் போயிட்டேன். பூவைக் கீழ் வாசல்ல வச்சிட்டுப் போனேன், அதுவாவது உனக்குக் கிடைச்சுதா?"

கிடைக்கவில்லை. பாட்டுக்குழுப் பெண்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள், என்னையும் சேர்த்து.

"நீ இல்லாம மேஜை வெறிச்சுன்னு இருந்துச்சு. அதை மறைக்கத்தான் அந்தக் கதையச் சொன்னேன்" என்றாள் மில்டா. "தப்பு, டைகா. அன்னைக்குச் சந்துல சொன்னதும் தப்பு. பெத்த பொண்ணத் தெரியாதுன்னு சொன்ன வாய் இது. அதுக்கப்புறம் ஒரு நாள் கூட எனக்குச் சரியாத் தூக்கம் இல்ல."

டைகா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

அடெலினோவுக்கு இதில் ஒரு சொல் கூடப் புரியவில்லை. எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "தொட்டியைக் காட்ட மாட்டாங்களா?" என்று கவலையோடு கேட்டார்.

அது டைகாவின் காதில் விழுந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து ஒரு பொய் சொல்லாதவள், மியூசியத்தில் பேசுகிற அதே அமைதியான குரலில் அவரிடம் சொன்னாள்: "கண்டிப்பாக் காட்டறேன். இப்பதான் கழுவிக் கவுத்து வச்சிருக்கு. காயட்டும். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க."

எனக்குப் புரையேறிவிட்டது. ஒரு பாட்டுக்காரி என் முதுகில் ஓங்கித் தட்டினாள்.

டைகா அம்மா பக்கம் திரும்பினாள். "பத்து மணிக்குள்ள ஒரு தொட்டிக்கு வழி பண்ண வேண்டியது உன் பொறுப்பு. நீயே கொண்டு வந்து, நீயே அவருக்குக் காட்டு. நான் பக்கத்துல நிப்பேன். இவங்க யாருன்னு யாராவது கேட்டா, எங்கம்மான்னு சொல்லுவேன்."

மில்டா மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ரொட்டியில் நல்ல பெரிய துண்டாக வெட்டி அவள் தட்டில் வைத்தாள், அவள் ஒரு வாய் சாப்பிடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யோவ், உன் பரண்ல ஒரு தகரத் தொட்டி கிடந்துச்சே."

"அதுல ஓட்டை."

"இருக்கட்டும். சேவல் கொத்தின ஓட்டைன்னு சொல்லிக்கலாம்."

டைகா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் பரண் சாவியைத் தேடக் கீழே இறங்கினேன்.